வீட்டுப் பராமரிப்பாளர் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது: முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்த அப்பாவை இன்று மாலை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வார்டில் சொன்ன பிறகுதான் பல குடும்பங்கள் ஆள் தேட ஆரம்பிக்கின்றன. மூக்கில் குழாய், கட்டிலோரம் சிறுநீர்ப் பை, காலையும் மாலையும் இன்சுலின். வார்டில் இதையெல்லாம் மிஸ்ஸிகள் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் யார் பார்ப்பது? செந்தூலானாலும் பட்டர்வொர்த்தானாலும் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது வாட்சாப்பில் ஓர் எண் அனுப்பிவிடுவார்: "நர்ஸ் அக்கா ஒருத்தங்க இருக்காங்க, நல்லா பார்ப்பாங்க." நல்லாப் பார்ப்பாரா என்பது அடுத்த கேள்வி. அவர் நர்ஸ்தானா என்பதே முதல் கேள்வி. அவர் கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது.

மலேசியாவில் தாதியருக்கு, அதாவது நர்ஸ்களுக்கு, 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டமும் வாரியமும் உண்டு. மருத்துவ உதவியாளருக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பிசியோதெரபிஸ்ட், உணவியலாளர் உட்பட 23 தொழில்களுக்கு 2016ஆம் ஆண்டு இணை சுகாதாரத் தொழில் சட்டம், அதாவது சட்டம் 774, பதிவேடு வைத்திருக்கிறது. அந்த 23இல் வீட்டுப் பராமரிப்பாளர் இல்லை. இதனால் இரண்டு விளைவுகள். பதிவு பெற்றவருக்கென உள்ள வேலையைப் பராமரிப்பாளர் செய்ய முடியாது. அவர் தவறு செய்தால், "இனி இந்த வேலைக்கு வரக்கூடாது" என்று உத்தரவு போட அவருக்கென ஒரு வாரியமும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2017 பிப்ரவரி முதல் பதிவு இல்லாத சுகாதாரப் பணியாளருக்கும் தடை உத்தரவு போடலாம், அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கட்டுப்பாட்டைக் குடும்பமே எழுதி, குடும்பமே கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

ஆள் யார் என்று சரிபார்ப்பது

வெள்ளைச் சட்டையும் மருத்துவமனை அடையாள அட்டையும் எதையும் நிரூபிப்பதில்லை. "நான் தாதி" என்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: மைகாட், தாதியர் வாரியப் பதிவு எண், இந்த ஆண்டுக்கான ஏபிசி எனப்படும் தொழில் நடத்தும் சான்றிதழ். ஏபிசி ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31இல் முடிந்துவிடும். வாரியம் ஒரு தாதியைக் கண்டிக்கலாம், சில காலம் நிறுத்தி வைக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். டிப்ளோமா பிரேம் போட்டுச் சுவரில் தொங்கினாலும், நடப்பு ஆண்டு ஏபிசி இல்லாதவரைத் தாதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: போன வருட ஏபிசியைப் போனில் படமாகக் காட்டுவது, அக்கா தங்கை இருவரில் ஒருவரின் சான்றிதழில் மற்றவர் வேலைக்கு வருவது, தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ பதிவு பெற்ற தாதி இங்கே பதிவு செய்யாமலே அந்தப் பெயரில் வேலை பார்ப்பது. மூன்றாவது ரகத்தில் திறமைசாலிகள் நிறைய உண்டு. ஆனாலும் இங்கே அவர் பராமரிப்பாளர் மட்டுமே. மூலச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்து, பெயரை மைகாட்டோடு ஒப்பிட்டு, எண்ணைக் கொடுத்து வாரியத்திடமே உறுதிப்படுத்துங்கள். கூச்சப்பட வேண்டாம், உண்மையான தாதிக்கு இது பழகிப்போன கேள்வி.

மற்றவர்கள்: அரசு மருத்துவமனையில் பிபிகே எனப்படும் வார்டு உதவியாளராக, பழைய பெயரில் அட்டெண்டனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தூக்குவதிலும் குளிப்பாட்டுவதிலும் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மருந்து கொடுப்பது அங்கேயும் அவர்கள் வேலையல்ல. முதியோர் பராமரிப்பில் எஸ்கேஎம் திறன் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அடுத்து. அது பயிற்சி பெற்றதற்கான நல்ல அடையாளம், தாதிப் பணிக்கான அனுமதி அல்ல. கடைசியாக வீட்டுப் பணிப்பெண்.

ஏற்கெனவே தாதியாக இருந்து இப்போது "பராமரிப்பாளராக மட்டும்" வர விரும்பும் நடுத்தர வயதுக்காரர் என்றால், ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். குழந்தைகள், இடுப்பு வலி, இரவு ஷிப்ட் என்று நியாயமான காரணங்களே அதிகம். ஆனால் வாரியம் நிறுத்தி வைத்த ஒருவர் "பராமரிப்பாளர்" என்ற பெயரில் வீட்டு வேலைக்கு வருவதை அந்த உத்தரவு தானாகத் தடுத்துவிடாது. வாரியத்திடம் கேட்டால்தான் தெரியும்.

கோடு எங்கே

"பராமரிப்பாளர் செய்யக்கூடியவை" என்று சட்டத்தில் ஒரு பட்டியல் கிடையாது. கீழே போட்டிருக்கும் கோடு கவனமானவர்களின் நடைமுறை. சிகிச்சை தரும் மருத்துவர் இதைவிடக் கடுமையாகச் சொன்னால் அவர் சொல்வதே கணக்கு. எந்த வேலைக்கும் மூன்று கேள்வி போட்டுப் பாருங்கள். தோலைத் துளைக்கிறதா அல்லது உடலுக்குள் எதையாவது நுழைக்கிறதா? அளவை அந்த நேரத்தில் யாராவது முடிவு செய்ய வேண்டியிருக்கிறதா? தவறினால் சரிசெய்ய நேரம் இருக்கிறதா?

குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, பேம்பர்ஸ் மாற்றுவது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைப்பது: இவற்றில் பிரச்சினையே இல்லை. புரட்டும்போது முழுக்க ஒருக்களிக்காமல் 30 பாகை அளவுக்குச் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். வெளுக்காத சிவப்பு என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அன்றே தாதிக்குச் சொல்ல வேண்டும். அங்கே எண்ணெய் விட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் அன்பால் நடக்கும் தவறு. அடியில் நைந்த சதை தேய்ப்பில் இன்னும் கிழியும். புண் திறந்துவிட்டால் மருந்து வைத்துக் கட்டுவது தாதியின் வேலை; கட்டு நனைந்ததா, நாற்றம் வருகிறதா என்று பார்ப்பது மட்டும் பராமரிப்பாளருடையது.

மருந்து

மருந்தை எடுத்துக் கொடுப்பதும் எந்த மருந்து, எவ்வளவு என்று முடிவு செய்வதும் வேறு வேறு. முதலாவதைப் பராமரிப்பாளர் செய்யலாம், இரண்டாவதை ஒருபோதும் செய்யக்கூடாது. இந்தக் கோட்டைக் காக்க எளிய வழி: 7 நாள், 4 வேளை அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தில் ஒருவர் நிரப்புவது. பராமரிப்பாளர் அந்த வேளைக்கான அறையைத் திறந்து கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகு நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவது. முன்னாலேயே கையெழுத்துப் போடும் பழக்கம் வந்துவிட்டால் நோட்டு பொய்யாகிவிடும். கன்னத்துக்குள் ஒதுக்கிய மாத்திரை மாலையில் தலையணை உறையில் கிடைக்கும்.

அரசு மருந்தக லேபிள் மலாயில் இருக்கும். "1 பிஜி, 2 காலி செஹாரி" என்றால் ஒரு மாத்திரை, நாளைக்கு இரண்டு தடவை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் காதில் "காலி" என்பது வெறும் வயிறு. சிரிப்பாக இருக்கும், சர்க்கரை மாத்திரை விஷயத்தில் சிரிப்பு வராது. இதைவிடப் பெரிய பொறி "பிலா பெர்லு", தேவைப்பட்டால் என்ற சொல். எப்போது தேவை என்று யார் முடிவு செய்வது? தூக்க மாத்திரை, வலி மாத்திரை, மலமிளக்கி எல்லாம் இந்தச் சொல்லோடுதான் வீட்டுக்கு வரும். இரவு முழுக்கக் கத்தும் பாட்டியை வைத்துக்கொண்டு தனியாக இருக்கும் பராமரிப்பாளருக்கு இரண்டாவது தூக்க மாத்திரை எப்போதுமே தேவையாகத்தான் தெரியும். ஆகவே அந்த லேபிளோடு ஒரு மருந்தைக்கூட அவரிடம் விடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு முழுதாக எழுதுங்கள்: என்ன அறிகுறி, எத்தனை மாத்திரை, அடுத்ததற்கு எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, கொடுக்கும் முன் யாரைக் கூப்பிட வேண்டும். 500 மி.கி. பாரசிட்டமால்கூட பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் போகக்கூடாது. மெலிந்த முதியவருக்கு மருத்துவர் இன்னும் குறைத்தே சொல்வார். சளி மருந்துகள் பலவற்றில் அதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கும்.

பொடிப்பதும் கேட்டுத்தான். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், எல்ஏ, எம்ஆர் என்று இருந்தால் அது நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. உரலில் இடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் ரத்தத்தில் இறங்கும். ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தால் ஆள் மயங்கி விழுவார். விழுங்க முடியாதவருக்குத் திரவ மருந்து உண்டா என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

பராமரிப்பாளர் தன் ஊரிலிருந்து கொண்டுவரும் லேகியம், சூரணம், தைலம் வேண்டவே வேண்டாம். இங்கே விற்கப்படும் பாரம்பரிய மருந்தில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) என்று முடியும் பதிவு எண் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்குப் பதிவு எண் உள்ளதைக்கூட மருத்துவரிடம் கேட்காமல் தரக்கூடாது.

இன்சுலின்

அதிகம் விவாதம் வரும் இடம். ஊசி போடப் பழகிய பராமரிப்பாளர்கள் உண்டு, பேனாவைத் திருகிக் குத்துவது கடினமும் அல்ல. ஆபத்து திருகுவதற்கு முந்தைய அரை நிமிடத்தில் இருக்கிறது: இன்று கஞ்சி பாதிதான் குடித்தார், அளவு அதேதானா? இதற்குப் பதில் சொல்லப் பதிவும் பொறுப்பும் வேண்டும். ஆகவே வார்டில் கற்றுக்கொண்ட குடும்பத்தினர் ஒருவரோ தாதியோதான் ஊசி போட வேண்டும். பகலில் வீட்டில் யாரும் இல்லை என்றால் பராமரிப்பாளரிடம் தள்ளிவிடாமல் கிளினிக்கில் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு ஊசியைப் பொருத்த முடியுமா என்று அவர் பார்ப்பார். பல முதியவர்களுக்கு முடிகிறது.

பராமரிப்பாளருக்குத் தெரிய வேண்டியவை: விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, எழுதுவது, தாழ்சர்க்கரையை அடையாளம் காண்பது. 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தாலோ, வியர்த்து நடுங்கினாலோ, விழித்து விழுங்கக்கூடியவருக்கு 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; 999ஐக் கூப்பிட வேண்டும். அளவு உயர்ந்து காட்டினாலும் பராமரிப்பாளர் கூடுதலாக ஒரு யூனிட்கூடப் போட முடியாது, போன் மட்டுமே.

பேனா பழுதானால் அதன் குப்பியிலிருந்து சாதாரண சிரிஞ்சில் உறிஞ்சும் "சாமர்த்தியம்" வீட்டுக்குள் வரவே கூடாது. வழக்கமான இன்சுலினில் 1 மி.லி.யில் 100 யூனிட். 10 யூனிட் என்பது 0.1 மி.லி. மட்டுமே. 1 மி.லி. சிரிஞ்சில் ஒரு கோட்டைத் தவறாகப் படித்தால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். சில பேனாக்களில் 1 மி.லி.யில் 300 யூனிட் இருப்பதும் உண்டு.

மூக்குக் குழாய்

குழாயை நுழைப்பதும் மாற்றுவதும் தாதியோ மருத்துவரோ மட்டும். வெளியே வந்துவிட்டால் பராமரிப்பாளர் திரும்பச் செருகவே கூடாது, அரை அங்குலம் நழுவியிருந்தாலும் சரி. உணவு கொடுப்பதை வேண்டுமானால் வார்டிலேயே, நோயாளியின் பக்கத்தில், தாதியின் முன்னால் செய்துகாட்டிய பிறகு ஒப்படைக்கலாம். அப்படிச் செய்துகாட்டிய தேதியை நோட்டில் எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும்: மூக்குத் துவாரத்தில் குழாய் மீது போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிரிஞ்சால் சிறிது வயிற்று நீரை இழுத்து, அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் விட வேண்டும், 5.5 அல்லது அதற்குக் கீழே என்றால் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மருந்து சாப்பிடுபவருக்கு எண் இயல்பாகவே உயர்ந்து காட்டலாம்; அவருக்கு என்ன எல்லை என்று வார்டிலேயே எழுதி வாங்குங்கள். காற்றை அடித்து வயிற்றில் சத்தம் கேட்பது பழைய முறை, நுரையீரலில் இருக்கும் குழாயிலும் சத்தம் கேட்கும். தலைமாட்டை 30 முதல் 45 பாகை உயர்த்தி, 30 மி.லி. தண்ணீர், பிறகு பால், மீண்டும் 30 மி.லி. தண்ணீர். முடிந்த பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்க வேண்டும். இருமினாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

சிறுநீர்ப் பையை மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யலாம். பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். 4 மணி நேரம் சிறுநீர் வரவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தாதியைக் கூப்பிட வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவுவதும் இழுத்துப் பார்ப்பதும் கூடாது. எனிமாவும் அப்படியே. சர்க்கரை நோயாளியின் கால் நகத்தை வெட்டுவதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள், கால் போவது அங்கேதான் தொடங்கும்.

ஆக்சிஜன் அளவும் மருந்துதான். 2 லிட்டர் என்று எழுதியிருந்தால் மூச்சு வாங்குகிறது என்று 5க்கு ஏற்றுவது உதவியல்ல. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அதுவே மயக்கத்தைக் கொண்டுவரும். இயந்திரம் ஓடும் அறையில் குத்துவிளக்கு, சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம், சாமி மேடையை அடுத்த அறைக்கு மாற்றுங்கள். மூக்குக் காய்ந்திருக்கிறது என்று வாசலின் தடவுவதும் ஆபத்து.

குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலில் கட்டுவதைப் பராமரிப்பாளர் தானாகச் செய்யக்கூடாது. இதை முதல் நாளே வாயால் சொல்லி, எழுத்திலும் வைத்துவிடுங்கள்.

அலமாரிக் கதவில் ஒட்டும் ஒரு தாள்

ஒரே பக்கம். பராமரிப்பாளர் படிக்கும் மொழியில். இந்தோனேசியக் காக்காக், அதாவது பணிப்பெண், என்றால் மலாயில். இடப்பக்கம் "நீங்களே செய்யலாம்", நடுவில் "கூப்பிட்டுக் கேட்டுச் செய்யலாம்", வலப்பக்கம் "தொடக்கூடாது". நடுப்பத்தியில் பெயரும் எண்ணும் இல்லாத வரி இருக்கக்கூடாது. உதாரணமாக: "இரவு வலி: பாரசிட்டமால் 1 மாத்திரை. முன்பு கொடுத்து 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். முதலில் அண்ணனுக்குப் போன். எடுக்காவிட்டால் அண்ணி. இருவரும் எடுக்காவிட்டால் கொடுக்காதீர்கள்." கடைசி வாக்கியத்தை எழுத மறப்பவர்களே அதிகம். மருந்தோ சுத்தம் செய்யும் திரவமோ மாற்றி உள்ளே போய்விட்டால் வழிகாட்ட, பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் எண்ணையும் இந்தத் தாளில் குறித்து வையுங்கள். தாளில் இருவரும் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு கிளினிக் தேதிக்குப் பிறகும் புதிதாக எழுத வேண்டும், பழையதைக் கிழிக்காமல் கோப்பில் வைக்க வேண்டும்.

வலப்பக்க வேலைகளுக்கு ஆள் எங்கே? டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் "பெராவத்தான் டோமிசிலியாரி" என்று கேளுங்கள். நிலை சீராக உள்ள படுக்கை நோயாளிகளை அரசு கிளினிக் குழு வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை அது. வீடு அவர்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும், வீட்டில் பொறுப்பான ஓர் ஆளும் இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வாரத்தில் சில முறை வரும் தனியார் தாதி, மீதி நேரம் பராமரிப்பாளர். முழுநேரத் தாதியைவிட இது செலவு குறைவு.

பணிப்பெண்ணே பராமரிப்பாளர் என்றால்

அவரது வேலை அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு வீட்டு வேலைக்கும் உரியது. பகலில் அம்மாவைப் பார்த்துவிட்டு மாலையில் அக்கா வீட்டுக்கோ கடைக்கோ அனுப்பினால் குடிநுழைவுச் சட்டத்தில் மாட்டுவது நீங்கள். 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளருக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு கட்டாயம்; படுக்கை நோயாளியைத் தூக்கும் இடுப்புக்கு அது அவசியம். ஆளைக் கொண்டுவரும் ஏஜெண்டுக்கு ஆள்பல இலாகாவின் உரிமம் இருக்க வேண்டும், எண்ணைக் கேளுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் நோயாளி, தேவையென்றால் 999. அடுத்து அந்த வேலையை மட்டும் உடனே நிறுத்துங்கள்: "இன்று முதல் குழாய் உணவு உங்கள் வேலையல்ல" என்று தாளில் எழுதித் தேதி போடுங்கள். கத்தி விரட்டினால் என்ன நடந்தது என்ற உண்மையும் அவரோடு போய்விடும், மருத்துவருக்குத் தேவைப்படுவது அந்த உண்மைதான். எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் சொல்லி என்பதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுங்கள். மாத்திரை அட்டை, சிரிஞ்ச், பேனாவைப் படம் எடுங்கள். அந்தப் படங்களைச் சொந்தக்காரர் வாட்சாப் குழுவில் போடாதீர்கள்.

பிறகு சரியான கதவைத் தட்ட வேண்டும். பதிவு பெற்ற தாதி என்றால் மலேசியத் தாதியர் வாரியம். தனியார் மருத்துவமனை, கிளினிக், தாதிமை இல்லம் என்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டம் 586இன் கீழ் மாநில சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவத்தைக் கண்காணிக்கும் ஊகாப்ஸ் பிரிவு. பினாங்குக்கு மாநில இலாகா, கோலாலம்பூருக்குக் கூட்டரசுப் பிரதேச இலாகா. அரசு மருத்துவமனை என்றால் சிஸ்பா எனும் பொதுமக்கள் புகார் முறையில் புகார். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கியிருக்கும் முதியோர் இல்லம் 1993ஆம் ஆண்டுச் சட்டம் 506இன் கீழ் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும், புகாரும் அங்கேயே. வீட்டுக்கு வந்த பதிவில்லாப் பராமரிப்பாளர் அடித்தாலோ திருடினாலோ போலீஸ் புகார். முதியவர் கொடுமைக்கு 24 மணி நேரமும் தாலியான் காசே உதவி எண் 15999. வெறும் அஜாக்கிரதை என்றால் அனுப்பிவைத்த ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

கையெழுத்துப் போட்ட தாள்களும் மருந்து நோட்டும் எவ்வளவு காலம் இருக்க வேண்டும்? தனியார் மீது அலட்சிய வழக்குப் போட 6 ஆண்டு, அரசு மருத்துவமனை மீது என்றால் 36 மாதம். நோட்டுகளைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடும் முன் தேதியைப் பாருங்கள்.